முதல் படத்தில் காற்றுதான் பேசியது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, சைக்கிளில் கால் மணி நேரம் மிதித்தால் தமிழ்நாடு வந்துவிடும் தொலைவில் இருக்கிறது எங்கள் வீடு. 2014 முதல் இதுவரை ஐந்து குறும்படங்கள் இயக்கியிருக்கிறேன். வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதல் படம் எடுக்கத் துடிப்பவர்களுடையவை. இந்த இதழில் அவர்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

அக்கா, என்னிடம் செல்போன் மட்டும்தான் இருக்கிறது. பகுதி நேர வேலை பார்த்து 18,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு பழைய கேமரா வாங்கிப் படம் எடுக்கத் தொடங்கலாமா?
— கல்லூரி மாணவர், வேலந்தாவளம்

கேமரா வாங்காதீர்கள், தம்பி. முதலில் ஒரு நல்ல மைக் வாங்குங்கள். மிச்சப் பணத்தை அப்படியே வைத்திருங்கள், சாப்பாட்டுக்கு வேண்டும்.

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் படம் பதினொரு நிமிடம். தென்னையில் கள் இறக்கும் ஒரு பெரியவர், எல்லைக்கு அந்தப் பக்கம் அவர் கட்டிக்கொடுத்த மகள், இருவர்தான் பாத்திரங்கள். கேரளத்தில் கள் இறக்குவது உரிமம் பெற்ற தொழில். நான்கு வயல் தள்ளித் தமிழ்நாட்டுக்குள் போனால் அதே வேலை குற்றம். அந்த நான்கு வயல்தான் கதை. நடித்தவர் உண்மையிலேயே கள் இறக்குகிறவர். எங்கள் தோட்டத்து மரங்களில் ஏறியவர்.

படப்பிடிப்பை ஆடி மாதத்தில் வைத்தேன். எனக்கு அப்போதுதான் விடுப்பு கிடைத்தது. எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருக்கிறது. மலைத்தொடர் முழுக்க முட்டிக்கொண்டு நிற்கும் மேற்குக் காற்று இந்த ஒரு திறப்பைக் கண்டதும் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே புகும். மார்கழியில் அதே வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வரும். பிறந்த நாள் முதல் கேட்ட ஓசை என்பதால் என் காது அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கேமராவின் தலையில் இருந்த சின்ன மைக் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டது. மூன்று நாள் வேலை முடிந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பெரியவரும் மகளும் வாயசைத்தார்கள், பேசியது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஏழு பக்க வசனத்தில் எனக்கு மிஞ்சியவை இரண்டு வரிகள்.

சரி, டப்பிங் செய்துவிடலாம் என்று பெரியவரைக் கோவைக்கு அழைத்துப் போனேன். கதவு சாத்திய அறையில், திரையைப் பார்த்து அவரைப் பேசச் சொன்னோம். மரத்தடியில் மகளிடம் அத்தனை இயல்பாகக் கடிந்துகொண்டவர், அங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவரைப் போல ஆனார். நெற்றி வியர்த்துவிட்டது. அவருடைய குரல் அந்த இடத்தோடு ஒட்டியிருந்த குரல் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். மன்னிப்புக் கேட்டு ஊருக்குக் கூட்டி வந்தேன்.

அதன் பிறகு செய்தது இது. விடிவதற்கு முன் காற்று சற்று அடங்கும். ஐந்து மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில், போர்வையைக் கொடியில் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினோம். வசனங்களை அவர் போக்கில் பேசவைத்து, ஒரு சாண் தூரத்தில் மைக்கைப் பிடித்துப் பதிவு செய்தோம். முகம் தெரியும் இடங்களில் உதடு பொருந்தவில்லை. அந்த இடங்களில் முகத்தை விட்டுவிட்டு அவர் கைகளையும் மரத்தையும் மகள் கேட்டுக்கொண்டிருப்பதையும் வைத்தேன். படத்தைப் பார்த்தவர்கள் பாராட்டிய காட்சிகள் பெரும்பாலும் அவைதான்.

இன்னொரு பயனும் கிடைத்தது. பாளை சீவும் ஓசை வேண்டும் என்று கேட்டதற்கு, “அதைக் கீழேயிருந்து எப்படிப் பிடிப்பாய்?” என்றார். பழைய செல்போன் ஒன்றில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, கம்பளித் துணியில் சுற்றி, அவர் இடுப்பில் கட்டும் அரிவாள் பெட்டிக்குள் வைத்தோம். இருபது நிமிடம் கழித்து இறங்கி வந்தார். கேட்டோம். மட்டை உரசுகிறது, அவர் மூச்சு வாங்குகிறது, எலும்புத் துண்டால் பாளையைத் தட்டுகிறார், பிறகு அரிவாள் ஈரமான பாளையை மெல்லிய வட்டமாகச் சீவுகிறது. வெள்ளரிக்காய் நறுக்குவது போன்ற ஓசை, அதைவிடக் கொஞ்சம் கனத்தது. என் வாழ்நாள் முழுக்க அந்த மரங்களுக்குக் கீழே நடந்திருக்கிறேன். அந்த ஓசையை முதல் தடவையாக அன்றுதான் கேட்டேன்.

ஆகவே உங்கள் செல்போன் போதும். பேசுகிறவருக்கு அருகில் மைக் இருக்கட்டும். காற்றுக்கு அதன் மேல் ரோம உறை போடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் வாய் மூடச் சொல்லி, அந்த இடத்தின் வெற்று ஒலியை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். படத்தொகுப்பில் ஒட்டுப் போட அது வேண்டும். படம், ஒலி இரண்டையும் தனித்தனியாக எடுத்தால், ஒவ்வொரு தடவை பதிவு தொடங்கும்போதும் ஒரு முறை கை தட்டுங்கள். இணைக்க அந்தத் தட்டல் போதும். குழல் விளக்கு வெளிச்சத்தில் படம் துடித்தால் பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்துவிட்டால் துடிப்பு நின்றுவிடும். அதற்கான வசதி இல்லாத செல்போனில் இலவசச் செயலி ஒன்றை ஏற்றிக்கொள்ளலாம். படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு தாராளம்.

முதல் படத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவானது? மறைக்காமல் எழுதுங்கள்.
— பொள்ளாச்சி வாசகர்

மறைக்க ஒன்றுமில்லை. அப்போதைய கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. கேமராவும் இரண்டு லென்சும் மூன்று நாள் வாடகை 9,000. வேன் 6,200. சாப்பாடு 6,350. பெரியவருக்கு 3,000. மகளாக நடித்த நாடகக்காரருக்கு 3,000. ஹார்ட் டிஸ்க் 4,500. ஒலிப்பதிவை மறுபடி செய்ததற்கு 2,800. சில்லறைச் செலவு 1,200. ஆக 36,050 ரூபாய். எல்லாம் என் சம்பளத்தில் ஒன்றரை ஆண்டு சேர்த்தது.

இந்தப் பட்டியலில் இரண்டு வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹார்ட் டிஸ்க் 4,500 என்றதும் என் நண்பர்கள் வீண் செலவு என்றார்கள். இரண்டாம் நாள் இரவு மடிக்கணினி உயிரை விட்டது. அன்று எடுத்தது எல்லாம் அந்த டிஸ்க்கில் இன்னொரு பிரதியாக இருந்ததால்தான் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று பெரியவருக்குக் கொடுத்த பணம். “நம் ஊர்க்காரர்தானே, பாசத்துக்கு நடிப்பார்” என்று பலர் சொன்னார்கள். பாசத்துக்கு நடித்திருப்பார், அது உண்மை. ஆனால் பாளை நமக்காகக் காத்திருக்காது. தினமும் வேளை தவறாமல் சீவினால்தான் கள் ஊறும். விட்டுவிட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுபோகும். அந்தப் பாளையை நம்பி அவர் வீட்டு அரிசி இருக்கிறது. எனவே படப்பிடிப்பு நேரத்தை மரத்தின் நேரத்துக்கு ஏற்ப வகுத்தேன். காலை ஏற்றம் முடிந்து ஒன்பதரைக்கு அவர் வருவார். மாலை ஏற்றத்துக்கு மூன்றரைக்கு அனுப்பிவிடுவோம். நடுவில் உச்சி வெயில் என்பதால் வெளிச்சம் கடுமையாக இருந்தது. தெர்மோகோல் பலகையைப் பிடித்துச் சமாளித்தோம். ஒளிப்பதிவாளருக்கு மனக்குறைதான். ஆனாலும் ஒருவருடைய பிழைப்பைக் கெடுத்து எடுத்த அழகான வெளிச்சம் எனக்கு வேண்டாம்.

சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். பதினொரு பேருக்கு அம்மாவும் அம்முச்சியும் (அம்மாவைப் பெற்றவள்) சமைத்தார்கள். சம்பளம் கொடுக்க முடியாத இடத்தில் சோறாவது சூடாக இருக்க வேண்டும் என்பது அம்முச்சியின் கட்டளை.

என் மகனுக்கு 24 வயது. பொறியியல் முடித்துக் கிடைத்த வேலையை விட்டுவிட்டான். குறும்படம் எடுத்தால் சினிமாவில் நுழைந்துவிடலாம் என்கிறான். என் நகையை அடகு வைத்துத் தரச் சொல்கிறான். கொடுக்கலாமா?
— ஒரு தாய், சித்தூர்

அம்மா, நகையைக் கொடுக்காதீர்கள். மகன் இதைப் படித்து என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்தவர்கள் வெள்ளித்திரைக்குப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். கார்த்திக் சுப்புராஜும் பொறியியல் படித்தவர். வாசல் இருக்கிறது. ஆனால் அந்த வாசலில் நுழைந்த சிலரை நமக்குத் தெரியும், வெளியே நின்றுபோன பலரை நமக்குத் தெரியாது. குறும்படம் போட்ட பணத்தைத் திருப்பித் தருகிற பொருள் அல்ல. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் என் படங்களால் எனக்கு வந்த பணம், அவற்றுக்குச் செலவான பணத்தில் கால் பங்குகூட இல்லை. வட்டி ஏறும் பணத்தை அதில் போடக்கூடாது.

மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் கொண்டாடும் ஜே.சி. டேனியலை நினைத்துக்கொள்கிறேன். அகஸ்தீசுவரத்துக்காரர், இன்றைக்கு அது தமிழ்நாட்டில் இருக்கிறது. சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ அமைத்து, மலையாளத்தின் முதல் மௌனப்படத்தைத் தாமே எழுதி இயக்கி நடித்தார். அதன் நாயகி பி.கே. ரோசி ஒரு தலித் பெண் என்பதற்காகத் திரையரங்கில் கலவரம் நடந்தது. அந்தப் பெண் ஊரை விட்டே ஓட நேர்ந்தது. டேனியல் கருவிகளை விற்றார், ஸ்டுடியோவை மூடினார், பிறகு பல் மருத்துவராகிப் பிழைத்தார். 1975-இல் அவர் இறந்தபோது அரசின் பெரிய மரியாதை எதுவும் அவரைத் தேடி வந்திருக்கவில்லை. அவர் பெயரில் கேரள அரசு விருது கொடுக்கத் தொடங்கியது 1992-இல். அந்த மனிதரின் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் இன்னொரு வீட்டின் சொத்து அப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. டேனியலுக்கு வேறு வழி இல்லை, அன்று கேமரா என்பதே பெரும் சொத்து. உங்கள் மகனின் சட்டைப் பையில் கேமரா இருக்கிறது.

நகைக்குப் பதில் அவருக்கு ஓராண்டு கொடுங்கள். வீட்டில் சோறும் படுக்க இடமும் இருக்கட்டும். “எப்போது வேலைக்குப் போவாய்” என்று அந்த ஓராண்டும் கேட்காதீர்கள். செலவுக்கு அவரே சினிமாவை ஒட்டிய ஒரு வேலை தேடட்டும். நான் பொள்ளாச்சியில் ஒரு ஸ்டுடியோவில் ஆறு ஆண்டுகள் கல்யாண வீடியோக்களுக்குப் படத்தொகுப்புச் செய்தேன். நூற்றுக்கணக்கான முறை பெண்ணை அனுப்பி வைக்கும் காட்சியை வெட்டியிருக்கிறேன். அப்பாக்கள் பெரும்பாலும் அழும்போது கேமராவுக்கு முதுகு காட்டுவார்கள். தோள் மட்டும் குலுங்கும். நடிகரிடம் “அழுங்கள்” என்று சொல்லாமல் “திரும்பிக்கொள்ளுங்கள்” என்று சொல்ல அங்கேதான் கற்றேன். முறையாகப் படிக்க ஆசை இருந்தால் தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம், புனேயில் 1960-இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரி, கோட்டயம் பக்கம் கே.ஆர். நாராயணன் நிறுவனம் ஆகியவை இருக்கின்றன. நுழைவுத் தேர்வுக்குத் தயாராவதும் அந்த ஓராண்டுக்குள் அடங்கும்.

எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். நான் எந்த மொழியில் படம் எடுப்பது? மலையாளத்தில் எடுத்தால் மதிப்பு அதிகம் என்கிறார்கள்.
— மீனாட்சிபுரம் வாசகர்

உங்கள் பாத்திரம் எந்த மொழியில் கோபப்படுகிறதோ அந்த மொழியில் எடுங்கள். எங்கள் வீட்டில் கணக்குப் பேசும்போது மலையாளச் சொற்கள் வரும், ஏனென்றால் வங்கியும் பஞ்சாயத்தும் அந்த மொழியில். சண்டை வந்தால் முழுக்கத் தமிழ்தான். என் இரண்டாவது படத்தில் ஒரே மேசையில் அண்ணன் தமிழும் அண்ணி மலையாளமும் பேசுவார்கள். ஒருவர் மொழிக்கு மற்றவர் மாறவே மாட்டார்கள். கோவையில் பார்த்த ஒருவர் “குழப்பமாக இருக்கிறது” என்றார். கொழிஞ்சாம்பாறையில் யாருக்கும் அதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை; தினமும் கேட்பதுதானே.

இந்த எல்லையில் சினிமா எப்போதுமே இரு மொழியாகத்தான் இருந்திருக்கிறது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் வந்தது. தயாரித்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். ஆலுவாக்காரரான அல்போன்ஸ் புத்திரன் சென்னையில் தமிழ்க் குறும்படங்கள் எடுத்துப் பழகி, 2013-இல் தன் முதல் முழுநீளப் படத்தை இரண்டு மொழிகளிலும் எடுத்தார். மதிப்பு மொழியைப் பார்த்து வருவதில்லை. ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள்: எந்த மொழியில் எடுத்தாலும் துணைத்தலைப்பை மொழி தெரிந்த இருவரிடம் காட்டித் திருத்துங்கள். “அம்முச்சி” என்பதை வெறும் பாட்டி என்று போட்டால் அது அம்மாவைப் பெற்றவள் என்பது போய்விடும். என் இரண்டாவது படத்தில் அதுதான் கதையின் முடிச்சாக இருந்தது.

என் படம் வெளிநாட்டு விழா ஒன்றில் ‘சிறந்த அறிமுக இயக்குநர்’ விருது பெற்றதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. கோப்பையை அனுப்ப 120 டாலர் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
— கோபாலபுரம் வாசகர்

கட்டாதீர்கள். படத்தை யாரும் ஒரு இருட்டு அறையில் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவில்லை என்றால் அது விழா இல்லை. மாதாமாதம் நூறு பேருக்கு விருது கொடுத்து, கோப்பைக்கும் சான்றிதழுக்கும் பணம் வாங்கும் கடைகள் இணையத்தில் பெருகிவிட்டன. முதல் படம் எடுத்தவரின் ஏக்கத்தைத் தெரிந்துகொண்டு வலை விரிக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இதில் கோபம் வருகிறது. கட்டணம் கேட்பதாலேயே ஒரு விழா பொய் ஆகிவிடாது, நல்ல விழாக்கள் சிலவும் விண்ணப்பக் கட்டணம் வாங்குகின்றன. எங்கே திரையிட்டார்கள், எந்தத் திரையரங்கு, நடுவர்கள் யார், சென்ற ஆண்டு வந்த படங்கள் எவை என்று தேடுங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே நல்லது இருக்கிறது. கேரள சலச்சித்திர அகாதமி 2008 முதல் திருவனந்தபுரத்தில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது. மும்பையில் 1990 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆவணப்பட, குறும்பட விழா நடக்கிறது. பிரான்சில் கிளெர்மோன் ஃபெரான் நகரில் நடப்பது உலகத்துக் குறும்படக்காரர்கள் எல்லோரும் போக ஆசைப்படும் விழா. அனுப்பும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று நீளம்: ஆஸ்கர் கணக்கில் பெயர்ப் பட்டியல் உட்பட 40 நிமிடம் வரை குறும்படம், பல விழாக்களின் வரம்பு அதைவிடக் குறைவு. மற்றது, படத்தை யூடியூபில் முன்பே ஏற்றிவிட்டால் சில விழாக்கள் சேர்த்துக்கொள்வதில்லை. விழாச் சுற்று முடியும் வரை பொறுங்கள்.

என் முதல் படத்தை ஒன்பது இடங்கள் திருப்பி அனுப்பின. ஒரு கல்லூரி விழாவில் மட்டும் காட்டினார்கள். 2015-இல் வெறும் பார்வையாளராகப் பாலக்காட்டிலிருந்து இரவு ரயில் ஏறித் திருவனந்தபுரம் விழாவுக்குப் போனேன். கைரளி திரையரங்கு வளாகத்தில் காலை முதல் இரவு வரை படம், நடுவில் வெளியே தேநீர், மறுபடி படம். ஒன்பது இடங்கள் ஏன் மறுத்தன என்று அங்கே உட்கார்ந்து பார்த்தபோது எனக்கே விளங்கியது: என் படத்தில் முதல் இரண்டு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. ஊருக்கு வந்ததும் அதை நாற்பது நொடியாக வெட்டினேன். தேர்வாகாவிட்டாலும் விழாவுக்குப் போங்கள்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் குறும்படம் எடுக்க ஒரு குழு அனுமதி கேட்கிறது. என்னென்ன கவனிக்க வேண்டும்?
— தமிழாசிரியை, எருத்தேம்பதி

டீச்சர், நீங்கள் கேட்டதே நல்லது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, படத்தில் நடிக்கும் குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது. பெற்றோர் சம்மதமும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் தயாரிப்பாளர் பெற வேண்டியவை. சம்பளம் உண்டென்றால் அதில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். சம்பளமில்லாத சின்னப் படம் என்று சொல்வார்கள். அப்போதும் இந்த நேரக் கணக்கை விட்டுக்கொடுக்காதீர்கள். அழ வைப்பதற்காகப் பிள்ளையைத் திட்டுவது, பயமுறுத்துவது, பொய் சொல்வது போன்ற எதையும் அனுமதிக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதை ஏற்காத இயக்குநருக்குப் பள்ளியின் கதவைத் திறக்க வேண்டாம்.

பாரதியார் பாடலையும் எனக்குப் பிடித்த ஒரு சிறுகதையையும் படத்தில் பயன்படுத்தலாமா?
— உடுமலை வாசகர்

பாரதியின் வரிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவற்றின் உரிமையை 1949-இல் அரசு வாங்கி, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கிவிட்டது. ஆனால் சினிமாவில் வந்த மெட்டையும் பதிவையும் எடுத்து வைக்க முடியாது, அவற்றுக்குத் தனி உரிமை உண்டு. ஊரில் பாடத் தெரிந்த ஒருவரை வேறு மெட்டில் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சிறுகதைக்கு, எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு ஆகவில்லை என்றால் அவரிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்தில் அனுமதி வேண்டும். கடிதம் எழுதிக் கேளுங்கள். நான் ஒரு முறை அஞ்சலட்டையில் கேட்டு, பத்தே நாளில் சம்மதம் வந்தது.

உங்கள் முதல் படத்தை ஊர்க்காரர்கள் பார்த்தார்களா? என்ன சொன்னார்கள்?
— வண்டித்தாவளம் வாசகி

பார்த்தார்கள், சகோதரி. விழாக்கள் மறுத்த அந்த ஆண்டில் என்னைத் தாங்கியது அந்த ஒரு இரவுதான்.

திருச்சி ரயில்வே அலுவலகத்தில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். பிறகுதான் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வெரைட்டி ஹால் ரோட்டைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அரங்கு இல்லாவிட்டால் கூடாரம். கூடாரமும் இல்லாவிட்டால் வேட்டி என்று முடிவு செய்தேன். இரண்டு எட்டு முழ வேட்டிகளை அம்மா ஒன்றாகத் தைத்துக் கொடுத்தார். எங்கள் களத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டினோம். காற்றுக்காக அடி ஓரத்தில் கல் வைத்துச் சுருட்டித் தைத்திருந்தோம். அப்படியும் திரை உப்பிக்கொண்டு, பெரியவரின் முகம் பெருத்தும் சிறுத்தும் தெரிந்தது. எண்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய உண்மையான மகளும் பிள்ளைகளோடு வந்திருந்தார்.

பெரியவரை முன்வரிசையில் நாற்காலியில் உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை, கடைசியில் மரத்தில் சாய்ந்து நின்றே பார்த்தார். தன் முகம் வந்தபோது அசையவில்லை. பாளை சீவும் ஓசை வந்தபோது மட்டும் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். படம் முடிந்து எல்லோரும் கைதட்டி, கலைந்து, வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என்னிடம் வந்தார்.

“அந்த இடத்தில் நான் மூன்று தட்டுத் தட்டினேன். நீ இரண்டுதான் வைத்திருக்கிறாய்” என்றார்.

காட்சி நீளமாக இருக்கிறது என்று படத்தொகுப்பில் ஒரு தட்டை நான்தான் வெட்டியிருந்தேன். இரண்டு தட்டுக்குப் பாளை இளகாதா என்று கேட்டேன். இளகாது என்றார். அன்று இரவே கணினியைத் திறந்து மூன்றாவது தட்டைச் சேர்த்தேன். பிறகு காட்டிய எல்லா இடங்களிலும் மூன்று தட்டுதான் இருந்தது.